அப்பா அழுத வரி

ஓசூர்
15.7.2024

பரமசிவம் சாருக்கு, முனிலட்சுமி எழுதறது.

போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கறீங்க. வாட்ஸ்அப்ல ரெண்டு நீலக் கோடு விழுது, பதில் மட்டும் விழ மாட்டேங்குது. அதான் ரிஜிஸ்டர் தபால். உங்க ஹெச்.எம். முன்னாடி கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆகணும்? நல்லா வாங்குங்க.

இத்தனை வருஷம் ஒரே ஸ்டாஃப் ரூம்ல பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ரெண்டு பேரும் தமிழ் வாத்தியாருங்க. ஒரு வார்த்தை சொல்லாம சிங்காரப்பேட்டைக்கு டிரான்ஸ்பர் வாங்கிட்டு மூட்டை கட்டினீங்களே, அது எனக்கு வயித்தெரிச்சல்தான். ஆனா இந்தக் கடிதாசி அதுக்கில்ல. மேகலாவுக்கு.

போன வருஷம் ப்ளஸ் ஒன் படிச்சப்போ நம்ம ஆண்டு மலர்ல "அப்பாவின் ஷிப்டு"ன்னு எழுதினாளே, அவதான். அவங்கப்பா செல்வம், வேடசந்தூர்ப் பக்கத்திலேருந்து வந்து இங்க ஒரு கம்பெனியில இரும்புத் தகடு அடிக்கற பிரஸ் ஷாப்ல மெஷின் ஓட்டினவர். வடக்கத்திப் பசங்களைக் காண்ட்ராக்டுல கொண்டாந்து, "இவங்களுக்கு உன் மெஷினைச் சொல்லிக் குடு"ன்னாங்க. சொல்லிக் குடுத்தாரு. முடிச்சதும் இவரைத் தூக்கி பேக்கிங்ல போட்டுட்டாங்க. அந்தச் சேதி தெரிஞ்ச நாளைப் பத்தித்தான் பொண்ணு எழுதினா. அவ ரஃப் பேப்பர் இன்னும் என் அலமாரியில இருக்கு. கடைசி வரி இது: "அப்பா வந்தார். சாப்பிட்டார். படுத்துக்கொண்டார்."

நீங்க மலருக்கு எடிட் பண்ணினப்புறம் அது என்ன ஆச்சு? "அன்று அப்பா என் மடியில் முகம் புதைத்து விம்மி விம்மி அழுதார்."

மாவட்டப் போட்டிக்கு அனுப்பி முதல் பரிசு, கோப்பை, கைதட்டு எல்லாம் சரி. செல்வத்தோட வேலை செய்யற ஒருத்தர் பொண்ணும் நம்ம ஸ்கூல்தான். மலர் அந்த வீட்டுக்குப் போச்சு. யாரோ அந்தப் பக்கத்தைப் போட்டோ புடிச்சு கம்பெனி குரூப்புல போட்டுட்டாங்க. அதுலேருந்து கேன்டீன்ல, "செல்வம், இன்னிக்கு யாரு மடியில?"ன்னு ஒரே கிண்டல். மனுஷன் பொண்ணுகிட்ட பேசறதை நிறுத்திட்டாரு. உப்பு வேணும்னாகூட பொண்டாட்டி கிட்ட, "அவளை எடுத்தாரச் சொல்லு"ங்கறாராம். கோப்பைக்காக எம் மானத்தை வித்துட்டாங்கறாரு. அவளும் வாயைத் திறந்து, "அது நான் எழுதலப்பா"ன்னு சொல்லல.

நீங்க வந்து சொல்லணும் சார். வேற வழி எனக்குத் தெரியல.

முனிலட்சுமி


சிங்காரப்பேட்டை
1.8.2024

மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு,

தங்கள் பதிவுத் தபால் ஹெச்.எம். முன்னிலையிலேயே கிடைத்தது. "கோர்ட் நோட்டீஸா சார்?" என்று கேட்டார். தாங்கள் விரும்பியது நடந்தது.

சொல்லாமல் வந்தேன் என்கிறீர்கள். பரிசு வந்த அன்று என் கையைப் பிடித்துக் குலுக்கியது அந்த ஸ்டாஃப் ரூம். வாட்ஸ்அப் விவகாரம் கிளம்பியதும் அதே அறையில், எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, "பிள்ளைங்க பேப்பர்ல ஏறி நின்னு எழுத்தாளர் ஆகப் பாக்கறீங்களா?" என்று கேட்டது யார்? அதற்குப் பிறகு யாரிடம் சொல்லிக்கொண்டு கிளம்புவது?

அந்த வரியை நான் எழுதினேன். மறைக்கவில்லை. ஆனால் ஏன் எழுதினேன் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? தன் கைக்குப் பழகிய மெஷினை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டு ஒரு மனிதன் வீட்டுக்கு வருகிறான். மகள் "சாப்பிட்டார், படுத்துக்கொண்டார்" என்று முடிக்கிறாள். படிப்பவனுக்கு அங்கே என்ன கிடைக்கிறது? பெரிய ஓட்டை. அதைப் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா விடுவது? அச்சுக்குப் போகும் முன் அந்தப் பிள்ளையிடம் காட்டினேன். படித்தாள். சரி என்று தலையாட்டினாள்.

அந்த ரஃப் பேப்பரை முதலில் திருத்தியது தாங்கள்தான். தங்கள் சிவப்பு மை அதில் என்ன செய்தது என்று அலமாரியைத் திறந்து பாருங்கள். ஒற்று விட்ட இடத்தில் வட்டம். "சந்திப்பிழை கவனி." கீழே "நன்று." அந்த ஓட்டை தங்கள் கண்ணில் படவேயில்லை.

நான் ஓசூர் வருவதாக இல்லை.

பரமசிவம்


ஓசூர்
20.8.2024

சார்,

உங்க கடிதாசியைப் படிச்சதும் கிழிச்சுப் போட்டுடலாம்னுதான் வந்துச்சு கோபம். அப்புறம் அலமாரியைத் திறந்து பாத்தேன். நீங்க சொன்னது நெசம். ஒன்பது வட்டமோ பத்தோ, எல்லாம் எழுத்துப் பிழைக்கு. போஸ்ட்மேன் வேலை பாத்திருக்கேன், முத்திரை குத்தி உங்க பக்கம் தள்ளி விட்டுட்டேன்.

ஓட்டை இருந்ததும் நெசம். ஆனா சார், அந்த ஓட்டைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு அவளுக்கு மட்டுந்தான் தெரியும். நீங்க உங்க வீட்டு மண்ணை அள்ளிட்டு வந்து அடைச்சுட்டீங்க. தலையாட்டினாளாம்! நீங்க சாரு, அவ பதினாறு வயசுப் பொண்ணு. தலையாட்டாம என்ன செய்வா?

சரி, சண்டை போதும். ஒரு கூத்தைக் கேளுங்க. உங்க மேல இருந்த கோபத்துல ப்ளஸ் டூ பசங்களுக்கு, "ஆளுக்கொரு கட்டுரை எழுதுங்க, அப்புறம் நீங்களே திருத்தி எழுதிட்டு வாங்க, நான் கை வைக்க மாட்டேன்"ன்னு சொன்னேன். எழுதினாங்க. திருத்திட்டும் வந்தாங்க. எப்படித் தெரியுமா? ஸ்கேல் வெச்சு மார்ஜின். தலைப்புக்குக் கீழ ஊதா ஸ்கெட்ச்சுல ரெண்டு கோடு. ரஃப் நோட்டுல இருந்ததை ஃபேர் நோட்டுல முத்து முத்தா எழுதி வெச்சிருக்காங்க, அதுதான் திருத்தமாம். கொஞ்சம் கெட்டிக்காரப் பசங்க வார்த்தைக்கு நகை போட்டு விட்டிருக்காங்க. ரஃப்ல "எங்க மாடு செத்துப்போச்சு." ஃபேர்ல "எங்கள் மாடு இயற்கை எய்தியது." ரஃப்ல "பஸ்ல நிக்க இடமில்ல, நான் கம்பியில நெத்தியை வெச்சுத் தூங்கிட்டேன்"னு ஒருத்தி அழகா எழுதியிருந்தா சார். ஃபேர்ல நெத்தியும் இல்ல கம்பியும் இல்ல. "பேருந்தில் மக்கள் வெள்ளம் அலைமோதியது." எனக்கு அழுகையே வந்துடுச்சு.

பசங்களைக் குத்தம் சொல்லி என்ன பண்றது. ஆறாங்கிளாஸ்லேருந்து ஃபேர் நோட்டுக்குத்தானே மார்க் போட்டுட்டு வர்றோம். திருத்தறதுன்னா சட்டையை இஸ்திரி போடறதுன்னு நெனச்சிருக்காங்க. நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன் போலிருக்கு.

மேகலா வெறும் பேப்பர் குடுத்தா. பேரு, வகுப்பு, தேதி, அவ்வளவுதான். "ஏம்மா?"ன்னேன். "எழுதறதை விட்டுட்டேன் டீச்சர்"ன்னா. அவளுக்குத் தமிழ் இலக்கியம் படிக்கணும், கிருஷ்ணகிரி காலேஜ்ல சேரணும், அதெல்லாம் உங்களுக்கும் தெரியும். இப்ப அவங்கப்பா, "பொய் எழுதற படிப்பு நம்ம வீட்டுக்கு வேணாம், பரீட்சை முடிஞ்சதும் செல்போன் கம்பெனி வேலைக்கு ஹாஸ்டலுக்கு அனுப்பிடு"ன்னு அவங்கம்மா கிட்ட சொல்லிட்டாராம். அதையும் பொண்ணு முகத்தைப் பாத்துச் சொல்லல.

நீங்க செய்யறதைச் செய்ங்க. நான் கெஞ்ச மாட்டேன்.

முனிலட்சுமி


சிங்காரப்பேட்டை
9.9.2024

டீச்சர் அவர்களுக்கு,

சனிக்கிழமை ஓசூர் வந்தேன். தங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் கூடவே வருவீர்கள், வழியெல்லாம் திட்டுவீர்கள் என்று பயம்.

கம்பெனி கேட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் நின்றேன். ஷிப்டு விட்டதும் செல்வம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. பரிசளிப்பு அன்று பார்த்திருக்கிறார். வண்டியை நிறுத்திவிட்டு, "என்ன சார் இந்தப் பக்கம்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். நான் வீட்டிலேயே பத்துத் தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன்: "அந்த வரி உங்கள் மகள் எழுதியதல்ல. நான் எழுதினேன். தவறு என்னுடையது."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி டாங்க் மேல் வைத்தார். பிறகு, "அப்ப மேடையில ஏறிக் கோப்பை வாங்குனது யாரு சார்?" என்றார்.

நான் கையிலிருந்த டீ கிளாஸைப் பலகையில் வைத்தேன்.

"ஏதோ புள்ள அறியாம ஒரு பொய்ய எழுதிப்புட்டான்னு நெனச்சேன். அடுத்தவங்க எழுதுனதுக்குத் தன் பேரைப் போட்டுக்கிட்டு, மாலையும் போட்டுக்கிட்டு வந்துருக்கான்னு இப்பல்ல தெரியுது. நான் ஓட்டுன மெஷின்ல எவனோ உக்காந்துக்கிட்டு ஓட்டுறானே, அதுக்கும் இதுக்கும் என்ன சார் வித்தியாசம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

உதவி செய்யப் போய் அந்தப் பிள்ளையின் தலையில் இன்னொரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டேன் என்று நினைக்கிறேன். பஸ்ஸில் கிருஷ்ணகிரி வரும்வரை உடம்பெல்லாம் கூசிக்கொண்டே வந்தது. மன்னிப்புக் கேட்பதிலும் நான் என்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன். "நான் எழுதினேன், நான் தவறு செய்தேன்." அங்கும் அவளைப் பேசவிடவில்லை.

பரமசிவம்


ஓசூர்
17.9.2024

அட கடவுளே! உங்களை யாரு சார் கேட்டுக்குப் போகச் சொன்னது?

சரி சரி, நான்தான் சொன்னேன். முதல் கடிதாசியில நானேதான் சொன்னேன். அதை நீங்க எடுத்துக் காட்டறதுக்குள்ள நானே ஒத்துக்கறேன்.

திங்கக்கிழமை காலையில பிரேயர் முடியறப்போ செல்வம் வந்தாரு. கோப்பையைப் பேப்பர்ல சுத்திக் கொண்டாந்து பிரேயர் மேடையில ஹெச்.எம். முன்னாடி இருந்த மேஜை மேல வெச்சாரு. "இது எங்க வீட்டுது இல்ல, உரியவங்க கிட்ட குடுத்துருங்க"ன்னாரு. அவ்வளவுதான், திரும்பிப் போயிட்டாரு. மேகலா வரிசையில நின்னு எல்லாத்தையும் பாத்துட்டு இருந்தா. ஹெச்.எம்.முக்கு ஒரு மண்ணும் புரியல. நான் போய் ஏதோ மழுப்பினேன்.

மத்தியானம் அவளைக் கூப்பிட்டேன். எனக்கு ஒரு விஷயம் அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. "பரமசிவம் சார் புரூஃப் காட்டினப்போ இது நடக்கலன்னு ஏம்மா சொல்லல? பயமா?"ன்னு கேட்டேன். "பயமில்ல டீச்சர்"ன்னா. "பின்ன?" "புடிச்சிருந்துச்சு." என்ன புடிச்சிருந்துச்சு, ஏன் புடிச்சிருந்துச்சு, ஊஹூம்.

சார், நான் இருவது வருஷத்துக்குப் பக்கமா பாடம் நடத்தறேன். ஒரு பொண்ணை எழுத வெக்கறதுக்கு எனக்கு ஒரு வழியும் தெரியலன்னு இப்பத்தான் தெரியுது. நீங்க எழுதிக் குடுப்பீங்க, நான் வட்டம் போடுவேன். நடுவுல செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு, அதை ரெண்டு பேருமே செய்யல. உங்களுக்கு ஏதாவது தோணினா எழுதுங்க. சண்டைக்கில்ல, நெசமாத்தான் கேக்கறேன்.

முனிலட்சுமி


சிங்காரப்பேட்டை
14.10.2024

டீச்சர்,

"அவர்களுக்கு" விட்டுப் போயிற்று. இருக்கட்டும்.

தாங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இங்கும் அதே ஃபேர் நோட்டுதான். சிவப்புப் பேனாவை மேஜைக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, "நீங்களே திருத்துங்கள்" என்றேன். முன் பெஞ்சுப் பையன் எழுந்து, "சார், அதுக்கு நீங்களே எழுதிக் குடுத்திருங்க சார், நேரம் மிச்சம்" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் சுருக்கென்றது.

ஒன்றை மட்டும் கவனித்தேன். சொல்கிறேன், பயன்பட்டால் பாருங்கள்.

பள்ளி விட்டதும் பஸ் ஸ்டாப்பில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கதை சொல்கிறார்கள். போன வாரம் ஒருத்தி, வீட்டுக்குள் பாம்பு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பாம்பு வந்துச்சு, எங்க மாமா அடிச்சிட்டாரு" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் விடவில்லை. "நீ எங்கடி இருந்த?" "கட்டில் மேல." "தம்பி?" "அவன் கீழ தூங்கிட்டு இருந்தான்... ஐயோ இரு, முதல்லேருந்து சொல்றேன்." மறுபடி தொடங்கினாள். இந்தத் தடவை தம்பி தூங்குவதிலிருந்து தொடங்கினாள். பாம்பு கடைசியில்தான் வந்தது. பஸ் வந்தும் யாரும் ஏறவில்லை.

டீச்சர், அதுதானே திருத்தம்? யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஒருத்திக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, கேட்டாள். அவ்வளவுதான். பேப்பரைக் கையில் கொடுத்ததும் இந்தத் திறமை எங்கே போய் ஒளிந்துகொள்கிறது? என் அனுமானம், பேப்பரைப் படிக்கிற நமக்கு எதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பிழை மட்டும் வேண்டும், அல்லது பரிசு வேண்டும். மேகலாவிடம் நான் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். "சாப்பிட்டார் என்கிறாயே, எப்படிச் சாப்பிட்டார்?" கேட்கத் தோன்றவில்லை எனக்கு. பதிலே என்னிடம் தயாராக இருந்தது.

பரமசிவம்


ஓசூர்
22.11.2024

சார்,

உங்க பஸ் ஸ்டாப்பைத் தூக்கிட்டு வந்து என் கிளாஸ்ல வெச்சுட்டேன்.

எழுதினதை மடிச்சுப் பைக்குள்ள போட்டுடணும். பக்கத்துல இருக்கறவங்களுக்கு வாயால சொல்லணும். கேக்கறவங்க "சூப்பர்"னு சொல்லக்கூடாது, "மொக்கை"ன்னும் சொல்லக்கூடாது. தெரியாததைக் கேக்கணும், அவ்வளவுதான். எந்தப் பாஷையில வேணா சொல்லலாம். அதைச் சொன்னதும் கிளாஸ் எப்படி மாறிப்போச்சு தெரியுமா? பாதிப் பேர் தெலுங்கு, கொஞ்சம் பேர் கன்னடம். நம்ம தமிழ் கிளாஸ்ல இந்தச் சத்தம் நான் கேட்டதே இல்ல. எங்க வீட்லயும் தெலுங்குதான், ஆனா நானே கிளாஸுக்குள்ள அதை விட்டதில்ல. மாடு இயற்கை எய்தின பையன் தெலுங்குல சொல்றப்போ மாடு சாகவே கால் மணி நேரம் ஆச்சு. அவங்கம்மா அதுக்கு ராகிக் கூழ் ஊத்திப் பாத்ததெல்லாம் அப்பத்தான் வந்துச்சு. "இதை ஏன்டா எழுதல?"ன்னா, "இதெல்லாம் எழுதலாமா டீச்சர்?"ங்கறான்.

மேகலாவைச் சம்பங்கி பக்கத்துல உக்கார வெச்சேன். சம்பங்கிக்கு வீட்ல கன்னடம், தமிழ் பட்டுப் பட்டுனு வெட்டின மாதிரி பேசுவா. மேகலா எழுதத்தான் மாட்டேன்னா, சொல்றதுக்கு என்ன? வேண்டா வெறுப்பா சொன்னா. அப்பா வந்தாரு, சாப்பிட்டாரு, படுத்துட்டாரு. நான் அடுத்த பெஞ்சுல ஒட்டுக் கேட்டுட்டு இருந்தேன், வெக்கத்தை விட்டுச் சொல்றேன்.

"என்னா சாப்ட்டாரு?"
"தோசை."
"நல்லா இருந்துச்சா?"
"கருகிப்போச்சு. நான்தான் சுட்டேன்."
"திட்டினாரா?"

மேகலா பெஞ்சை நகத்தால சுரண்டினா. "இல்ல. எப்பவும் திட்டுவாரு. உப்புக் கம்மியா இருந்தாகூடத் தட்டைத் தள்ளி விட்டுருவாரு. அன்னிக்கு எல்லாத்தையும் தின்னாரு."

"யாக்கே? ஏன்?"

அவ்வளவுதான் சார். பெஞ்சு மேல தலையைக் கவுத்துட்டா. சம்பங்கி பயந்து போய், "டீச்சர், நான் ஒண்ணும் பண்ணல, சும்மா கேள்விதான் கேட்டேன்"னு எழுந்து நிக்கறா.

மறுநாள் எழுதிட்டு வந்தா. நாலு நாள் கழிச்சு வேற மாதிரி எழுதிட்டு வந்தா. அப்புறம் நடுவுல இருந்ததை மேல கொண்டு போனா. ஒவ்வொரு தடவையும் எனக்குக் கை அரிக்குது. ஒற்று ஒண்ணும் ஒழுங்கா இல்ல. பேனாவைப் பைக்குள்ள போட்டு ஜிப்பை இழுத்துட்டு, "இந்த எடத்துல நீ எங்கம்மா நின்னுட்டு இருந்த?"ன்னு மட்டும் கேக்கறேன். ஒற்றைக் கடைசியில பாத்துக்கலாம், அது எங்கயும் ஓடிப் போகாது.

ஆனா வீட்ல ஒரு மாத்தமும் இல்ல. செல்போன் கம்பெனிக்கு யாரோ தெரிஞ்சவங்க கிட்ட சொல்லி வெச்சாச்சாம். அவங்கப்பா முன்னாடி இதை வாசிக்கணும்னு நான் சொன்னேன். யாரைப் பத்தி எழுதறோமோ அவங்க காதுல விழணும், அப்பத்தான் எது தப்புன்னு தெரியும்னேன். "செத்தாலும் மாட்டேன்"னுட்டா.

பேப்பரை ஜெராக்ஸ் எடுத்து உங்களுக்கு அனுப்பட்டுமா?

முனிலட்சுமி


சிங்காரப்பேட்டை
11.12.2024

டீச்சர்,

மழையில் இங்கே ஒரு வாரம் ஒன்றும் ஓடவில்லை. ஊத்தங்கரையில் வேன்களையே தண்ணீர் இழுத்துக்கொண்டு போனதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். நாங்கள் நலம். தபால்தான் தாமதம்.

ஜெராக்ஸ் அனுப்ப வேண்டாம்.

படிக்க எனக்கு எவ்வளவு ஆசை என்று தங்களுக்குச் சொல்லி முடியாது. கருகிய தோசையைத் திட்டாமல் தின்ற மனிதனை நினைத்துக்கொண்டு இரண்டு நாள் நடமாடினேன். அந்த வரி அவளிடம் இருந்திருக்கிறது, நான் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தேன். ஆனால் பேப்பர் கைக்கு வந்தால் என் கை சும்மா இருக்காது. இந்த இடத்தில் ஒரு சொல், அந்த இடத்தில் ஒரு சொல் என்று ஆரம்பிப்பேன். என்னை எனக்குத் தெரியும். அச்சில் வரட்டும், அப்போது வாங்கிப் படிக்கிறேன்.

வாசிக்க மாட்டேன் என்கிறாளே, அதை நீங்கள் வற்புறுத்துவது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. செல்வத்தின் முகத்தை நான் அருகில் பார்த்தவன். அவர் எழுந்து போய்விட்டால் அந்தப் பிள்ளை மறுபடி எழுந்திருப்பது கஷ்டம். யோசித்துச் செய்யுங்கள்.

பரமசிவம்


ஓசூர்
20.1.2025

பரமசிவம் சார்,

காலேஜ் விஷயம் இன்னும் முடிவாகல. அதை முதல்லயே சொல்லிடறேன், இல்லாட்டி கடைசி வரைக்கும் அதையே தேடிட்டுப் படிப்பீங்க.

அரையாண்டு மார்க்குக்குப் பெத்தவங்களை வரச் சொல்லியிருந்தோம். செல்வம் ஃபர்ஸ்ட் ஷிப்டு முடிச்சுட்டு யூனிபார்மோடயே வந்தாரு. பசங்க பெஞ்சுல முட்டி இடிக்க உக்காந்தாரு. மேகலா என் பக்கத்துல. இவரு என்னைப் பாக்கறாரு, அவ தரையைப் பாக்கறா. ரேங்க் கார்டுல கையெழுத்துப் போட்டாரு. நான் பயந்துட்டேதான் சொன்னேன் சார், உங்க கடிதாசி வேற மனசுல ஓடுது. "மேகலா ஒண்ணு எழுதியிருக்கா, நீங்க கேட்டா நல்லா இருக்கும்"னேன்.

"பொய்யெல்லாம் கேக்க எனக்கு நேரமில்லைங்க டீச்சர்"னு எழுந்துட்டாரு.

நான் வற்புறுத்தல. சத்தியமா வாயே திறக்கல. பொண்ணுதான் பையைத் திறந்தா. அவரு வாசல்கிட்ட போயிட்டாரு, இவ அவரு முதுகைப் பாத்து வாசிக்க ஆரம்பிச்சுட்டா. முதல் ரெண்டு வரி எனக்கே கேக்கல. எனக்குக் கேட்டதை அப்படியே எழுதறேன். வாசிச்சுத்தான் காட்டறேன், பேப்பர் அனுப்பல, நீங்க கை வைக்க முடியாது.

"நான் சுட்ட தோசை கருகிவிட்டது. எப்போதும் அப்பா திட்டுவார். அன்று திட்டவில்லை. அதனால் எனக்குப் பயமாக இருந்தது. என்ன என்று நான் கேட்கவில்லை. போன வருஷம் மலரில் அப்பா என் மடியில் அழுததாக வந்தது. அப்பா அழவில்லை. அதைச் சார் எழுதினார். எனக்குக் காட்டினார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அந்த வரி பிடித்திருந்தது. அதில் வரும் பெண்ணிடம் அவள் அப்பா அழுதார். என்னிடம் என் அப்பா ஒன்றும் சொல்லவில்லை."

அதோட நிறுத்திட்டா. அதுக்கு மேல எழுதல போல.

செல்வம் வாசல்லயே நின்னுட்டு இருந்தாரு. கதவு நிலையில கை வெச்சிருந்தாரு. திரும்பாமயே சொன்னாரு.

"தோசை இல்ல."

மேகலா நிமிந்து பாத்தா. "என்னப்பா?"

"அன்னிக்கு தோசை இல்ல. உப்புமா. அடிப் புடிச்ச உப்புமா."

"தோசைதாம்ப்பா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"தின்னவன் நானு. எனக்குத் தெரியாதா? தொண்டையில எறங்கல, தண்ணிய ஊத்தி ஊத்தித் தின்னேன். வந்துட்டா, தோசையாம்."

"உப்புமான்னா நான் செய்யவே மாட்டேனேப்பா, எனக்குத்தான் புடிக்காதே."

"அதான் அடிப் புடிச்சுச்சு."

மார்ச்சுலேருந்து பேசாத மனுஷன் சார். எனக்குச் சிரிப்பும் வருது அழுகையும் வருது, ரெண்டையும் அடக்கிட்டு ரேங்க் கார்டை அடுக்கற மாதிரி பாவ்லா பண்ணிட்டு இருந்தேன். அவரு திரும்பி வந்து மறுபடி அந்தச் சின்ன பெஞ்சுல உக்காந்தாரு. பொண்ணு முகத்தைப் பாத்தாரு.

"கேக்கறதுக்கு நான் அழுவணுமாக்கும்? இப்பக் கேளு"ன்னாரு.

நான் எழுந்து வெளிய வந்துட்டேன். உள்ள என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியாது. இந்தத் தடவை ஒட்டுக் கேக்கல. வராந்தாவுல நின்னு, எதிர்ல ஹைவேல அத்திப்பள்ளிப் பக்கம் போற லாரியெல்லாம் பாத்துட்டு இருந்தேன். மத்த பெத்தவங்க வந்தாங்க, பக்கத்து ரூமுக்கு அனுப்பினேன்.

கொஞ்சம் பொறுத்து மேகலா வெளிய வந்தா. கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு, மூக்கைத் துப்பட்டாவுல தொடைச்சுட்டா. கையில அந்தப் பேப்பரை நாலா மடிச்சு வெச்சிருந்தா.

"டீச்சர், பேப்பர் இருக்கா?"

"ஏம்மா, அதுலயே ஓரத்துல திருத்திக்கலாமே?"ன்னேன். பழக்க தோஷம்.

"இதுல ஆகாது டீச்சர். முதல்லேருந்து எழுதணும்."

உள்ள இருந்து அவங்கப்பா குரல் குடுத்தாரு: "ஏத்தா, அந்தப் பசங்களுக்கு நான் ஒளிக்காமத்தான் சொல்லிக் குடுத்தேன், அதை எழுதிக்க. அந்தப் பசங்க ரெண்டு பேரு பேரையும் போடு."

நான் ஓடிப் போய் ஆபீஸ்ல ஒரு கட்டு வெள்ளைத்தாளை எடுத்துட்டு வந்து குடுத்தேன்.

முனிலட்சுமி